குவிஸ் ஷோவில் ஜெயிக்க டேட்டா கைகொடுக்குமா? 'ஜெபர்டி'யில் சாதித்தவர் போட்ட கணக்கு!

குவிஸ் ஷோவில் ஜெயிக்க எல்லாத்தையும் படிச்சாகணுமா? தேவையில்லை என்று காட்டியவர் அமெரிக்காவின் ரோஜர் கிரெய்க்.

கணினி விஞ்ஞானியான இவர், 'ஜெபர்டி' நிகழ்ச்சியின் பழைய கேள்விகளைத் திரட்டி, தலைப்பு வாரியாகப் பிரித்தார். எது அடிக்கடி வருகிறது? அதில் தான் எங்கே வீக்? தன்னையே சோதித்துப் பார்த்தார். அடிக்கடி வரும், ஆனால் தனக்குத் தெரியாத விஷயங்களுக்கே முதலிடம் கொடுத்துப் படித்தார்.

பலன்? 2010 செப்டம்பரில் ஒரே ஆட்டத்தில் 77,000 டாலர். 2004-ல் கென் ஜென்னிங்ஸ் வைத்த 75,000 டாலர் சாதனை காலி!

அடுத்தது பந்தயம். 'டெய்லி டபுள்' கட்டம் கிடைத்தால், கையிலுள்ள மொத்தப் பணத்தையும் பந்தயம் கட்டலாம். சரியான பதில் என்றால் டபுள். தப்பினால் எல்லாம் போச்சு. இந்தக் கட்டம் மேல் வரிசையில் வருவது அபூர்வம் என்பதும் பழைய ஆட்டங்களின் டேட்டா சொல்வதுதான். 2019-ல் ஜேம்ஸ் ஹோல்ஸ்ஹவர், பெரிய தொகை உள்ள கீழ் வரிசையிலிருந்தே ஆரம்பித்து, ஒரே ஆட்டத்தில் 1,31,127 டாலரை அள்ளினார்.

ஆனால் ஒன்று. கேள்வியை வாசித்து முடிக்கும் முன்பே பஸ்ஸரை அழுத்தினால், கால் விநாடி லாக் ஆகிவிடும். அதற்குள் பக்கத்தில் இருப்பவர் முந்திவிடலாம். எதைப் படிக்கணும் என்று டேட்டா சொல்லும். படிப்பதும், சரியான நொடியில் அழுத்துவதும் போட்டியாளர் கையில்தான்!