வண்டி ‘டோட்டல் லாஸ்’ ஆனால் கைக்கு வருவது எவ்வளவு? லோடு வண்டி உரிமையாளர்களை சுற்றவிடும் இன்சூரன்ஸ் கணக்கு

சென்னை:

கோயம்பேட்டில் இருந்து காய்கறி, வீடு மாறுபவர்களின் பீரோ, கட்டில், கல்யாண மண்டபத்துக்கு பந்தல் சாமான் என்று சென்னை தெருக்களில் ஓடும் ‘குட்டியானை’ வண்டிகளில் பல, ஓட்டுபவர்களே சொந்தமாக வாங்கியவை. சொந்தம் என்றாலும் ஆர்.சி. புத்தகத்தில் பைனான்ஸ் கம்பெனி பெயரும் இருக்கும். மாதம் பிறந்தால் டியூ கட்ட வேண்டும்.

அப்படிப்பட்ட வண்டி விபத்தில் சிக்கி அப்பளம் போல நொறுங்கினால் அன்றோடு வாடகை வருமானம் நின்று போகும். டியூ நிற்காது. ‘அதான் இன்சூரன்ஸ் இருக்கே’ என்று நினைத்து போனால், அங்கே ஐ.டி.வி., சால்வேஜ், என்.ஓ.சி. என்று புரியாத வார்த்தைகளாக சொல்வார்கள். கடைசியில் ஒரு தொகையை காட்டி கையெழுத்து கேட்பார்கள். அந்த தொகை எப்படி வந்தது என்று தெரியாமலேயே பலர் கையெழுத்து போட்டுவிட்டு வந்து விடுகிறார்கள்.

முதலில் பாலிசியை எடுத்து பார்க்க வேண்டும். ‘தேர்டு பார்ட்டி’ மட்டும் என்றால் சொந்த வண்டிக்கு ஒரு பைசா கிடைக்காது. அது மோட்டார் வாகன சட்டப்படி கட்டாயமாக போட வேண்டிய இன்சூரன்ஸ். அடிபட்ட அடுத்தவருக்குத்தான் அது பணம் தரும். நம் வண்டிக்கும் பணம் வேண்டும் என்றால் ‘பேக்கேஜ் பாலிசி’ அல்லது ‘காம்பிரிஹென்சிவ்’ எனப்படும் முழு இன்சூரன்ஸ் இருக்க வேண்டும்.

தேர்டு பார்ட்டி மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. எதிரே வந்த லாரியோ பஸ்சோ மோதியதுதான் காரணம் என்றால், அந்த வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்டு மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்தில் மனு போடலாம். ஆளுக்கு அடிபட்டால்தான் அங்கே போக முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். பொருள் சேதத்துக்கும் போகலாம். 1-4-2022 முதல் இதற்கு 6 மாத கெடு சட்டத்தில் சேர்க்கப்பட்டு இருப்பதால் தாமதம் கூடாது.

75 சதவீத கணக்கு

முழு இன்சூரன்ஸ் இருந்தால் எல்லாமே ஐ.டி.வி. என்ற ஒரு தொகையை வைத்துத்தான். பாலிசியின் முதல் பக்கத்திலேயே அது அச்சாகி இருக்கும். வண்டியின் இன்றைய கம்பெனி விலையில் வயதுக்கு ஏற்ப கழித்தது போக மிச்சம் அது. 6 மாதம் வரை 5 சதவீதம், ஒரு ஆண்டு வரை 15, 2 ஆண்டு வரை 20, 3 ஆண்டு வரை 30, 4 ஆண்டு வரை 40, 5 ஆண்டு வரை 50 சதவீதம் என்பது வழக்கமான கழிவு. அதற்கு மேல் வயதான வண்டிக்கு உரிமையாளரும் கம்பெனியும் பேசி முடிவு செய்ய வேண்டும்.

ரிப்பேர் செலவும் வண்டியை தூக்கி வரும் செலவும் சேர்ந்து இந்த ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தை தாண்டினால் வண்டி ‘டோட்டல் லாஸ்’.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒர்க்‌ஷாப்பில் போட்டு தரும் எஸ்டிமேட் தொகையை வைத்து 75 சதவீதம் பார்ப்பது இல்லை. சர்வேயர் போடும் கணக்குதான் செல்லும். அவர் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்கு பாதி விலையை கழிப்பார். இரும்பு பாகங்களுக்கு வண்டியின் வயதை பார்த்து கழிப்பார். லோடு வண்டிகளுக்கு இன்னொரு வெட்டும் உண்டு. லைட், டயர், மட்கார்டு, பம்பர், பெயிண்ட் ஆகியவற்றுக்கு சாதாரண ரிப்பேர் கிளைமில் பணமே கிடையாது. ‘ஐ.எம்.டி. 23’ என்ற கூடுதல் பிரிமியம் கட்டியவர்களுக்கு மட்டும் அதில் பாதி கிடைக்கும்.

உதாரணமாக, கம்பெனி விலை 6 லட்சம் உள்ள வண்டி, வயது 2 ஆண்டு தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஐ.டி.வி. 4 லட்சத்து 20 ஆயிரம். அதில் 75 சதவீதம் 3 லட்சத்து 15 ஆயிரம். ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் 3 லட்சத்து 60 ஆயிரம். ‘டோட்டல் லாஸ்தான்’ என்று உரிமையாளர் நினைப்பார். ஆனால் எல்லா கழிவும் போக சர்வேயர் கணக்கு 2 லட்சத்து 90 ஆயிரம்தான் என்றால், ரிப்பேர் செய்து ஓட்டுங்கள் என்று சொல்லி விடுவார்கள். மிச்சம் 70 ஆயிரம் சொந்த பாக்கெட்டில் இருந்து போகும். சேஸ் வளைந்த வண்டியைத்தான் மறுபடி ஓட்ட வேண்டியது வரும்.

அதனால் வண்டியை பிரித்து பார்க்கும்போது உரிமையாளரோ, நம்பிக்கையான மெக்கானிக்கோ பக்கத்தில் நிற்பது நல்லது. வெளியே தெரியாத சேஸ், ஆக்சில், கியர் பாக்ஸ் சேதத்தை அப்போதே சர்வேயருக்கு காட்டி எழுத வைக்க வேண்டும். அவருடைய அறிக்கையின் நகலை கேட்டு வாங்கும் உரிமை பாலிசிதாரருக்கு உண்டு.

வண்டி டோட்டல் லாஸ் என்று முடிவாகி விட்டால், அந்த வயது கழிவு எதுவும் மறுபடி வராது. ‘மார்க்கெட்டில் உங்க வண்டி இப்ப 3 லட்சம்தான் போகும்’ என்று பேரம் பேசினால் மசிய வேண்டாம். பாலிசி ஓடும் காலம் முழுவதும் ஐ.டி.வி.தான் வண்டியின் மார்க்கெட் விலை என்றும், டோட்டல் லாசுக்கு மேற்கொண்டு தேய்மானம் கழிக்கக்கூடாது என்றும் பாலிசி நிபந்தனையிலேயே இருக்கிறது. கழிக்கக்கூடியது கட்டாய கழிவு. சின்ன லோடு வண்டிக்கு வழக்கமாக 500 ரூபாய். பிறகு, நொறுங்கிய வண்டியை உரிமையாளரே வைத்துக்கொண்டால் அதன் விலை.

டியூ பாக்கி இருந்தால்...

பைனான்ஸ் பாக்கி இருக்கும் வண்டி என்றால் இன்சூரன்ஸ் பணம் முதலில் பைனான்ஸ் கம்பெனிக்கு போகும். அவர்கள் எடுத்தது போக மீதிதான் உரிமையாளருக்கு.

மேலே சொன்ன வண்டிக்கு 3 லட்சத்து 40 ஆயிரம் கடன் பாக்கி என்றால், 4 லட்சத்து 19 ஆயிரத்து 500-ல் அது போக 79 ஆயிரத்து 500 ரூபாய் கைக்கு வரும். அதே வண்டிக்கு பாலிசி போடும்போது, ‘ஐ.டி.வி.யை குறைச்சு போட்டா பிரிமியம் கம்மியாகும்ணே’ என்று ஏஜெண்டு சொன்னதை கேட்டு 3 லட்சத்து 60 ஆயிரம் என்று போட்டிருந்தால் கைக்கு வருவது 19 ஆயிரத்து 500 மட்டும். பிரிமியத்தில் மிச்சம் பிடித்தது சில நூறோ, ஓரிரு ஆயிரமோ. இழப்பு 60 ஆயிரம். கடன் பாக்கி ஐ.டி.வி.யை விட அதிகமாக இருந்தால் இன்னும் மோசம். வண்டியும் இல்லாமல் மீதி கடனை கட்ட வேண்டும்.

கிளைம் முடியும் வரை டியூவை நிறுத்தினால் அபராத வட்டி ஏறி, அதுவும் இன்சூரன்ஸ் பணத்தில் இருந்துதான் பிடிக்கப்படும். முடியாத நிலை என்றால் விபத்து நடந்த உடனே பைனான்ஸ் அலுவலகத்துக்கு எழுத்து மூலம் சொல்லிவிட வேண்டும். பாக்கி எவ்வளவு என்ற ஸ்டேட்மெண்டையும் அன்றே வாங்கி வைக்கலாம். கடனை முன்பே அடைத்தவர்களும், ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயரை நீக்காமல் விட்டிருந்தால் என்.ஓ.சி.க்கும் பாரம் 35-க்கும் அலைய வேண்டியது வரும்.

நொறுங்கிய வண்டியை யாருக்கு கொடுப்பது?

இதற்குத்தான் ‘சால்வேஜ்’ என்று பெயர். கம்பெனியே எடுத்துக்கொண்டால் முழு ஐ.டி.வி. வரும். உரிமையாளர் வைத்துக்கொண்டால் அதன் விலையை கழித்து கொடுப்பார்கள். அந்த விலை ஒரு லட்சம் என்று கழித்து விட்டு, புதுப்பேட்டையில் 80 ஆயிரத்துக்கு மேல் கேட்க ஆள் இல்லை என்றால் 20 ஆயிரம் நஷ்டம் உரிமையாளர் தலையில் விழும். அதனால் கம்பெனி சொல்லும் விலைக்கு யார் வாங்குகிறார் என்று எழுத்தில் கேட்க வேண்டும். அந்த விலைக்கு ஆளை காட்ட முடியாவிட்டால், ‘வண்டியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், முழு தொகையை கொடுங்கள்’ என்று கேட்கலாம்.

ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் பார்க்கிங் வாடகை கேட்பவர்கள் உண்டு. எஸ்டிமேட் போட்டதற்கும், பிரித்து பார்த்ததற்கும் தனி பில் வரும். கிரேன், டோயிங் செலவுக்கு வழக்கமான பாலிசியில் 2,500 ரூபாய் வரைதான் கிடைக்கும். 3 சக்கர வண்டிக்கு 750 ரூபாய்தான். வண்டியை கொண்டு போய் விடும் முன்பே பார்க்கிங் எவ்வளவு என்று பேசி விடுவது உத்தமம்.

எதை காரணம் காட்டி மறுப்பார்கள்?

செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டிகளில்தான் அதிக சிக்கல். ஆர்.சி. புது உரிமையாளர் பெயருக்கு மாறி இருக்கும், இன்சூரன்ஸ் பழைய ஆள் பெயரிலேயே இருக்கும். தேர்டு பார்ட்டி பாதுகாப்பு தானாக புது உரிமையாளருக்கு வந்துவிடும். சொந்த வண்டி சேதத்துக்கான பாதுகாப்பு அப்படி வராது. வாங்கிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதி பெயர் மாற்றாவிட்டால் ‘உங்களுக்கும் எங்களுக்கும் ஒப்பந்தமே இல்லை’ என்று கூறி விடுவார்கள். கோர்ட்டுக்கு போனாலும் இதில் ஜெயிப்பது கஷ்டம்.

அடுத்தது எப்.சி. வண்டிக்கு 8 வயது ஆகும் வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பிறகு ஆண்டுதோறும் காட்ட வேண்டும். விபத்து நாளில் எப்.சி. முடிந்திருந்தால் தகராறுதான். பெர்மிட்டை பொறுத்தவரை, மொத்த எடை 3 ஆயிரம் கிலோவுக்குள் வரும் சரக்கு வண்டிக்கு அது தேவையில்லை என்று சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. குட்டியானைக்கு பெர்மிட் கேட்டால் இதை சொல்லலாம்.

டிரைவிங் லைசென்ஸ் விஷயத்தில் நிலைமை மாறிவிட்டது. ‘கார் லைசென்ஸ் வைத்துக்கொண்டு லோடு வண்டி ஓட்டினீர்கள்’ என்று கூறி முன்பு ஏராளமான கிளைம்களை மறுத்தார்கள். எடை 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியை சாதாரண எல்.எம்.வி. லைசென்சிலேயே ஓட்டலாம் என்று சுப்ரீம் கோர்ட்டின் 5 நீதிபதிகள் பெஞ்ச் 6-11-2024 அன்று தீர்ப்பு கூறியது. இனி அந்த காரணம் செல்லாது. குடித்துவிட்டு ஓட்டியவருக்கு மட்டும் எந்த தீர்ப்பும் உதவாது.

ஓவர் லோடு போன்ற சில மீறல்களுக்கு முழுவதுமாக கையை விரிக்கக்கூடாது, 75 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று 2010-ல் அமலேந்து சாகு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கூறி இருக்கிறது. மறுப்பு கடிதம் வந்தால் இந்த தீர்ப்பை சுட்டிக்காட்டி பதில் எழுதலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு தனி எச்சரிக்கை. 2023 டிசம்பரில் மிச்சாங் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் தண்ணீரில் நின்ற வண்டிகளை நினைவு வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். தண்ணீர் வடிந்ததும் சாவியை போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கக்கூடாது. என்ஜினுக்குள் தண்ணீர் போன நிலையில் ஸ்டார்ட் செய்து கனெக்டிங் ராடு வளைந்தால், ‘அது வெள்ளத்தால் வந்த சேதம் இல்லை, நீங்கள் செய்தது’ என்று என்ஜின் பணத்தை வெட்டி விடுவார்கள். நிற்கும் இடத்திலேயே போட்டோ எடுத்துவிட்டு, கட்டி இழுத்து வர வேண்டும்.

யாரிடம் போவது?

விபத்து நடந்த அன்றே கம்பெனியின் இலவச எண்ணில் சொல்லி கிளைம் எண் வாங்க வேண்டும். ஆளுக்கு அடி என்றால் போலீசில் வழக்கு பதிவாகும். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்த பிறகுதான் வண்டி வெளியே வரும். அந்த தாமதத்தை காரணம் காட்டி நியாயமான கிளைமை மறுக்கக்கூடாது என்று 2011-லேயே இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் கம்பெனிகளுக்கு சுற்றறிக்கை அனுப்பி இருக்கிறது. 2024-ல் அதே ஆணையம் கொண்டுவந்த விதிப்படி 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அவர் அறிக்கை தர வேண்டும், அடுத்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும்.

இழுத்தடித்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஆணையத்தின் 155255 என்ற இலவச எண்ணிலும் புகார் செய்யலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. ஒரு ஆண்டுக்குள் போக வேண்டும். சொந்தமாக தொழில் செய்பவர் பெயரில் உள்ள பாலிசியும் அங்கே எடுபடும். நுகர்வோர் கோர்ட்டு இன்னொரு வழி. ‘இது வியாபார வண்டி, நீங்கள் நுகர்வோர் இல்லை’ என்று கம்பெனி வக்கீல் வாதாடுவார். பிழைப்புக்காக சுயதொழில் செய்பவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே இருக்கிறது. இதற்கு கெடு 2 ஆண்டு.

‘முழு திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிய வவுச்சரில் வீட்டு கஷ்டத்துக்காக கையெழுத்து போட்டவர்களும் மனம் தளர வேண்டாம். அந்த கையெழுத்து கூடுதல் தொகை கேட்டு கோர்ட்டுக்கு போகும் உரிமையை பறிக்காது என்று 2015-ல் ஆணையம் தெளிவாக்கி விட்டது. ‘ஆட்சேபத்துடன் பெறுகிறேன்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு கையெழுத்து போட்டால் இன்னும் பலம்.

பணம் வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. இனி ஓடவே முடியாத வண்டியின் ஆர்.சி.யை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து ரத்து செய்ய வேண்டும். காயலான் கடைக்காரர் ‘ஆர்.சி.யோட கொடுத்தா 10 ஆயிரம் சேர்த்து தர்றேன்’ என்று கேட்டால் உஷார். அந்த எண்ணும் சேஸ் நம்பரும் ஏதோ ஒரு திருட்டு வண்டியில் ஏறினால், போலீஸ் முதலில் தேடி வருவது ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் வீட்டுக்குத்தான்.