மழைத் தோட்டம்

பட்டணத்து மழை ஜலம் ரோடுகளிலுள்ள எண்ணெய், டயர்த் தூள், குப்பை முதலியவற்றை வாரிக்கொண்டு ஏரியில் சேருகிறது. முதலில் ஓடிவரும் ஜலமே பெரும்பாலும் அதிக அசுத்தமானது. இதனைச் சுத்தி செய்யும் பொருட்டு, அமெரிக்காவின் மேரிலாந்து மாகாணத்தைச் சேர்ந்த பிரின்ஸ் ஜார்ஜஸ் ஜில்லாவில் 1990-ஆம் வருஷத்தையொட்டி மழைத் தோட்டங்கள் அமைக்கப்படலாயின.

அமைக்கும் விதம்: வீட்டு அஸ்திவாரத்திற்கு 10 அடிக்கு அப்பால், ஜலம் ஓடிவரும் வழியில், சுமார் 6 அங்குல ஆழமுள்ள பள்ளம் வெட்டி அடியைச் சமன் செய்க. மண்ணுடன் மணலும் மக்கிய இலை எருவும் கலந்து, ஆழ வேரோடும் புல் பூண்டுகளை நட்டு மூடாக்கு இடுக. மிகுதி ஜலம் வெளியேற ஒரு போக்கு விடுக.

இதில் வண்டல் மேலே தங்கும். ஈயம், துத்தநாகம் முதலிய உலோகங்கள் மூடாக்கிலும் மண்ணிலும் பற்றிக்கொள்ளும். எண்ணெயை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும்.

எச்சரிக்கை: செடி நடுமுன் பள்ளத்தில் ஜலம் நிரப்பிப் பரீட்சிக்கவேண்டும். 2 தினங்களுக்குள் வற்றாத இடம் உதவாது. கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்கச் சுமார் ஒரு வாரம் செல்லுமாதலால், விரைவில் வற்றும் பள்ளத்தில் கொசு பெருகாது. குடிநீர்க் கிணற்றருகே இதனை அமைப்பதும், சாக்கடை ஜலத்தை இதில் விடுவதும் கூடா.

ஏரிக்கு மேற்புறம் வீடுகள் பெருகிவரும் கிராமத்தார் இதனைக் கவனிப்பாராக. ஏரி கெட்டபின் சுத்தி செய்வதினும், அசுத்தத்தை வரும் வழியிலேயே தடுப்பது எளிது.