‘பிரெஞ்சு’ என்ற சொல்லுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்?

நீல நிறத்தில் ஒரு மேல்சட்டை. முழங்கை வெளுத்திருக்கிறது, பையோரம் ஒட்டுப் போட்டிருக்கிறது. கீழே விவரம்: “1940களின் அசல் பிரெஞ்சு வேலையுடை, மிக அரிது.” விலை 150 யூரோ. இணையத்தில் பழங்கால உடை தேடுகிறவர்கள் இப்படியொரு விளம்பரத்தை எப்படியும் பார்த்திருப்பார்கள். 1940கள், அசல், பிரெஞ்சு என்ற மூன்றையும் சோதித்துப் பார்க்கலாம். பொய்யென்று தெரிந்தால் சட்டப்படி கேட்கவும் வழியுண்டு. ‘மிக அரிது’ என்பது வியாபாரப் பேச்சு, அதை விட்டுவிடலாம். ஆனால் விலையைத் தூக்கிவிடுவது பெரும்பாலும் நடுவில் இருக்கும் ‘பிரெஞ்சு’தான்.

அந்த நீலச் சட்டை ஒரு காலத்தில் கூலிக்காரர்களின் உடை. அடர்த்தியாக நெய்த பருத்தித் துணியில், அழுக்கு தெரியாத நீலத்தில், பட்டறைக்கும் வயலுக்கும் என்று 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தைக்கப்பட்டு வந்தது. நியூயார்க்கின் தெருவோர ஃபேஷன் புகைப்படக்காரர் பில் கன்னிங்காம் பல ஆண்டுகள் இதைத்தான் மாட்டிக்கொண்டு திரிந்தார். பாரீஸின் பி.எச்.வி. கடையில் மலிவு விலைக்கு வாங்கிய துப்புரவுத் தொழிலாளிச் சட்டை அது. அதே பி.எச்.வி. கட்டடத்தில்தான் 2025 நவம்பரில் சீன மலிவு உடை நிறுவனமான ஷீஇன் கடை திறந்தது. வாசலில் எதிர்ப்புப் போராட்டம், உள்ளே வாங்குவோர் கூட்டம். பாரீஸ்காரர்கள் எல்லாரும் பாட்டியின் பட்டுச் சட்டையை அணிந்து திரிகிறார்கள் என்று நம்புகிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நீல வெள்ளைப் பட்டை பனியனின் கதையும் இப்படித்தான். 1858 மார்ச் 27ஆம் தேதி வந்த பிரெஞ்சுக் கடற்படை ஆணை அதன் அளவை வகுத்தது: 20 மி.மீ. அகலத்தில் 21 வெள்ளைப் பட்டைகள், 10 மி.மீ. அகலத்தில் 20 அல்லது 21 நீலப் பட்டைகள். கப்பல் சிப்பாய்களின் உள்சட்டை அது. ஆட்களிலும் பலர் வெளியிலிருந்து வந்தவர்கள்தான். பாரீஸின் உயர்தரத் தையல் தொழிலுக்கு உருவம் கொடுத்தவராகச் சொல்லப்படும் சார்ல்ஸ் ஃப்ரெடெரிக் வொர்த் ஆங்கிலேயர். பிரெஞ்சுப் பெண்ணழகின் சின்னமாகிவிட்ட ஜேன் பர்க்கின் லண்டனில் பிறந்தவர். நடிகை ஜீன் செபெர்க் அமெரிக்காவின் அயோவாக்காரர். வந்தவர்களையெல்லாம் பாரீஸ் தன்னவராக்கிக்கொண்டது, அது அந்த ஊரின் பெருமை. ஆனால் இதையே ‘பிறவியிலேயே வந்த ரசனை’ என்று சொல்லி நம் தலையில் கட்டும்போது நாம் விழித்துக்கொள்ள வேண்டும். நாம் பணம் கொடுப்பது துணிக்கா, கதைக்கா என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெயர்ச்சீட்டில் பாரீஸ் என்று இருந்தாலே பாரீஸில் தைத்தது ஆகிவிடாது. இத்தாலியில் பிறந்த உடை வடிவமைப்பாளர் பியேர் கார்டன் தன் பெயரை நூற்றுக்கணக்கான பொருள்களுக்கு உரிமம் கொடுத்து விற்றார். உலகின் பல மூலைகளில் தைத்த சட்டைகளிலும் டைகளிலும் அந்தப் பெயர் ஏறியது. டியோர் பெயரிலும் இப்படி உரிமம் பெற்றுச் செய்த சரக்கு ஏராளம். அவையெல்லாம் போலி அல்ல, ஆனால் பாரீஸ் தையலறையின் விலைக்கு உரியவையும் அல்ல. ‘பிரெஞ்சு பாணி’ என்று எழுதியிருந்தால் கேட்கவே வேண்டாம், அந்தப் ‘பாணி’ எந்த நாட்டையும் குறிப்பதில்லை.

காலத்தைக் கண்டுபிடிக்க நிபுணராக இருக்க வேண்டியதில்லை. பெயர்ச்சீட்டையும் துணியையும் பெரிதாக்கிப் பார்த்தால் போதும். கடை முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் அந்தச் சீட்டு 1972க்குப் பிறகு அச்சானது. தொலைபேசி எண் எட்டு இலக்கமாக இருந்தால் பெரும்பாலும் 1985க்கும் 1996க்கும் இடைப்பட்டது, பத்து இலக்கமென்றால் 1996க்குப் பிந்தையது. துவைக்கும் தொட்டி, இஸ்திரிப் பெட்டி போன்ற பராமரிப்புக் குறிகளை நடத்தும் ஜினெடெக்ஸ் அமைப்பே 1963இல்தான் தொடங்கியது. ஆகவே அந்தக் குறிகளோடு ‘1940களின் சட்டை’ இருக்க வழியில்லை. ‘டெர்கால்’ என்று இருந்தால் அது 1950களில் வந்த பிரெஞ்சு பாலியெஸ்டர். துணி இழுத்தால் நீள்கிறது, எலாஸ்டேன் கலந்திருக்கிறது என்றால், அந்த நூலைக் கண்டுபிடித்ததே 1958இல். விளம்பரத்தில் சீட்டின் படமே இல்லையா? கேளுங்கள். ‘சீட்டு கிழிந்துவிட்டது’ என்று பதில் வந்தால், காலத்தைப் பற்றி அவர் சொன்னதையும் கழித்துவிட்டு விலை பேசுங்கள்.

எர்மேஸ் நிறுவனத்தின் சதுரப் பட்டுக் கழுத்துத் துணிகளை வாங்குகிறவர்கள் ஓரத்தைப் பார்க்க வேண்டும். அசலில் ஓரத்தைத் துணியின் முகப்புப் பக்கம் கையால் உருட்டித் தைத்திருப்பார்கள், தையல் சற்றே மேடு பள்ளமாகத் தெரியும். தட்டையான மெஷின் தையல் இருந்தால் விலகிவிடுங்கள். போலிப் பொருளை வைத்திருப்பதே பிரான்ஸில் குற்றம், 3 ஆண்டுவரை சிறையும் 3 லட்சம் யூரோவரை அபராதமும் சட்டத்தில் இருக்கின்றன. ஏமாந்து வாங்கியதை இன்னொருவர் தலையில் கட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

அளவு விஷயத்தில் எண்ணை நம்பாதீர்கள். ஆண்கள் வேலையுடையில் 50 என்றால் பொதுவாக மார்புச் சுற்றளவு 100 செ.மீ., அதில் பாதிதான் அந்த எண். பல தடவை துவைத்துச் சுருங்கிய துணிக்கு அதுவும் பொருந்தாது. அக்குளுக்கு அக்குள், தோளுக்குத் தோள், கை நீளம் என்று டேப் வைத்து எடுத்த படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இனி உரிமைக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவர் அங்குள்ள விற்பனையாளரிடம் வாங்கும்போது, எல்லாம் ஒரே கேள்வியைப் பொறுத்தது: விற்பவர் வியாபாரியா, தனிநபரா?

வியாபாரி என்றால் பொருள் கைக்கு வந்ததிலிருந்து 14 நாளுக்குள், காரணம் சொல்லாமலே திருப்பலாம். இந்த உரிமையை அவர் முன்கூட்டியே சொல்லவில்லை என்றால் அவகாசம் 12 மாதம் நீளும். விலையோடு, முதலில் கட்டிய சாதாரண அனுப்புக்கூலியும் திரும்ப வரும். திருப்பி அனுப்பும் செலவு வழக்கமாக நம்முடையது. கடையில் போட்டுப் பார்ப்பதுபோல் போட்டுப் பார்க்கலாம், ஆனால் துவைத்துவிடாதீர்கள். அந்துருண்டை வாடை தாங்காமல் வாளியில் முக்கியெடுத்த சட்டைக்கு முழுப்பணம் கிடைக்காது. இதுபோக, பிரெஞ்சுச் சட்டத்தில் பழைய பொருளுக்கும் இரண்டு ஆண்டு இணக்க உத்தரவாதம் உண்டு. முதல் 12 மாதத்தில் தெரியும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும், இல்லையென்று காட்டவேண்டியது விற்றவர்.

தனிநபர் என்றால் இந்த 14 நாள் கிடையாது. பலர் ஏமாறுவது இங்கேதான். ஆனாலும் கை முழுக்கக் காலியாகிவிடவில்லை. மறைந்திருந்த குறைக்குப் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் 1641ஆம் பிரிவு தனிநபரையும் பிடிக்கும். வயதையோ தயாரிப்பையோ பற்றிப் பொய் சொல்லி விற்றிருந்தால் ஒப்பந்தத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். அதை நிரூபிக்க, அவர் சொன்னது எழுத்தில் இருப்பது நல்லது. சட்டம் நம் கற்பனைக்குப் பொறுப்பேற்காது, விற்றவரின் வாக்குக்குத்தான் பொறுப்பேற்கும். ‘இது 1950க்கு முந்தையதா? பிரான்ஸில் தைத்ததா? எங்காவது ஓட்டை, கறை உண்டா?’ என்று தளத்தின் செய்திப்பெட்டியிலேயே கேட்டு, பதிலைப் படமெடுத்து வையுங்கள்.

நூறு சட்டைகளை எல்லா அளவிலும் அடுக்கி வைத்துக்கொண்டு ‘நான் சும்மா வீட்டு அலமாரியைக் காலி செய்கிறேன்’ என்பவர் தனிநபர் வேடமிட்ட வியாபாரியாக இருக்கலாம். பிரான்ஸில் அது தண்டனைக்குரிய ஏமாற்று வணிகம். அரசின் ‘சிக்னல்கோன்ஸோ’ இணையதளத்தில் புகார் செய்யலாம்.

தனிநபர்கள் பழைய உடைகளை விற்கும் விண்டெட் தளத்தில் பொருள் வந்து சேர்ந்ததிலிருந்து 2 நாளுக்குள் குறையைச் சொல்லாவிட்டால் பணம் விற்றவருக்குப் போய்விடும். ‘தளத்துக்கு வெளியே கட்டினால் பத்து யூரோ குறைக்கிறேன்’ என்ற பேச்சுக்கு மயங்கினால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். பேபால் தகராறுக்கு 180 நாள் அவகாசம் தருகிறது, ஆனால் ‘நண்பர்கள், குடும்பத்தினர்’ என்ற வழியில் அனுப்பிய பணத்துக்கு அது பொருந்தாது. அதனால்தான் மோசடிக்காரர் அந்த வழியையே கேட்பார்.

தமிழ்நாட்டிலிருந்து வாங்குகிறவர்களுக்கு இன்னொரு முட்டுக்கட்டை உண்டு. அணிந்து பழகிய துணி இந்தியாவின் இறக்குமதிப் பட்டியலில் ‘கட்டுப்படுத்தப்பட்டது’ என்ற வகையில் இருக்கிறது. பொதி சுங்கத்தில் நின்றுவிடலாம், விற்றவர் அதற்குப் பொறுப்பாக மாட்டார். முதலைத் தோல் பை, சிறுத்தைத் தோல் கோட்டு போன்றவற்றுக்கு வனவிலங்கு வணிக உடன்படிக்கையின் அனுமதிச் சீட்டு வேண்டும், பழசு என்பதால் மட்டும் விட்டுவிட மாட்டார்கள். பாரீஸில் இருக்கும் உறவினரை வாங்கி வைக்கச் சொல்வதும் வழக்கம். அப்போது 14 நாளும் விண்டெட்டின் 2 நாளும் அவர் கைக்குப் பொதி வந்த அன்றே ஓடத் தொடங்கும். அவர் டிசம்பரில் ஊருக்கு வந்து பெட்டியைத் திறக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். ‘அண்ணா, வந்ததும் பிரித்துப் பார்த்து வீடியோ அனுப்புங்கள்’ என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது.

தகராறு வந்தால் முதலில் எழுத்தில் கோரிக்கை, பிறகு தளம், அதன் பிறகு அட்டை கொடுத்த வங்கி. பிரான்ஸில் 5,000 யூரோவுக்குட்பட்ட வழக்குக்கு முன் சமரச முயற்சி பொதுவாகக் கட்டாயம், நீதிமன்றச் சமரசர் பணம் வாங்குவதில்லை. வியாபாரி இன்னொரு ஐரோப்பிய நாட்டில் இருந்தால் ஐரோப்பிய நுகர்வோர் மையம் இலவசமாகத் தலையிடும். ஐரோப்பிய ஆணையம் நடத்திய இணையத் தகராறுத் தளம் 2025 ஜூலை 20இல் மூடப்பட்டுவிட்டது. கடையின் விதிமுறைப் பக்கத்தில் அதன் பெயரைப் பார்த்தால் அங்கே போய் நேரத்தை வீணாக்காதீர்கள்.

நீலச் சட்டை பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள், நல்ல துணி, நெடுநாள் உழைக்கும். வயதையும் ஊரையும் அளவையும் எழுதித் தர மறுக்கிறவரிடம் மட்டும் வாங்காதீர்கள்.