தீ மூட்டாத ராக்கெட்

ஹைட்ரஜனை ஆக்சிஜனோடு எரிக்கும் ராக்கெட் எஞ்சினுக்குள் வெப்பம் 3,300 டிகிரி செல்சியஸைத் தொடும். அதைவிடப் பல நூறு டிகிரி குறைந்த சூட்டில், தீயே மூட்டாமல், ஒன்றே முக்கால் மடங்கு வேகத்தில் வாயுவைப் பீய்ச்சும் எஞ்சின் ஒன்று உண்டு. அதைச் சூடாக்குவது வெயில். ‘சூரிய வெப்ப உந்துகை’ என்ற இந்த முறையை ராக்கெட் பொறியாளர் கிராஃப்ட் எரிக்கே 1956இல் முன்வைத்தார்; முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் விண்ணுக்குப் போனதே அடுத்த ஆண்டுதான்.

குழிந்த கண்ணாடி வெயிலைப் பல்லாயிரம் மடங்கு செறிவாக்கி ஓர் உலோகக் குழலுக்குள் இறக்கும். குழலில் ஓடும் ஹைட்ரஜன் சூடேறிப் பின்பக்கம் சீறிப் பாயும். அவ்வளவுதான். சூடு குறைந்தும் வேகம் கூடுவது எப்படி? எரித்தால் வெளிவருவது பெரும்பாலும் நீராவி. அதன் மூலக்கூறு ஹைட்ரஜனைப் போல ஒன்பது மடங்கு கனம். எரிக்காதபோது வெறும் ஹைட்ரஜனே வெளியேறுகிறது; இலேசானது வேகமாக ஓடுகிறது.

1980களில் அமெரிக்க விமானப்படைக்காக ராக்கெட்டைன் நிறுவனம் இதைத் தரையில் சோதித்தது. சுருளாக வளைத்த ரீனியக் குழல்தான் எஞ்சின். ரீனியம் 3,186 டிகிரி வரை உருகாது. ஆனால் அந்தச் சூட்டில் காற்றுப் பட்டால் ஆக்சைடாகி அரித்துப்போகும். சோதனையில் வாயுவின் வேகம் விநாடிக்குச் சுமார் 8 கிலோமீட்டர்!

விசை மட்டும் சிறியது. விண்ணில் 10 சதுர மீட்டர் கண்ணாடியில் 13.6 கிலோவாட் வெயில் விழும். துளி இழப்பில்லாவிட்டாலும் கிடைப்பது 3.4 நியூட்டன், ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் ஏந்தும் விசை. தரையிலிருந்து எழும்ப இது ஆகாது. சுற்றுப்பாதையிலோ வாரக்கணக்கில் விடாமல் தள்ளியே கலத்தை உயரே கொண்டுபோய்விடும்.

எனக்குப் பெரிய வியப்பு கண்ணாடிதான். கலம் எந்தத் திசையில் போனாலும் அது சூரியனையே பார்க்க வேண்டும். வானில் அரை டிகிரி அகலமே உள்ள சூரியனிலிருந்து குறி சற்றே பிசகினாலும் ஒளி குழலின் வாயை விட்டு விலகிவிடும். கண்ணாடியை மடித்து ஏற்றி, விண்ணில் விரிக்கவும் வேண்டும். நாசாவின் மார்ஷல் மையம் 1990களின் இறுதியில் கண்ணாடிக்குப் பதிலாக, ஊதி விரிக்கும் வளையத்தில் மெல்லிய பாலிமர் லென்ஸைப் பொருத்திப் பார்த்தது. எஞ்சின் தரையில் தன்னை நிரூபித்துவிட்டது. இனி நிரூபிக்க வேண்டியது கண்ணாடி.