சாவுக்கு வரும் ஊர், நோவுக்கு வருமா?

"இனி ஆவதொன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்!"

மருத்துவமனை வாயிலில் இச்சொல் கேட்டுக் கலங்கி நிற்கும் குடும்பங்கள் எத்தனை! நோயாளிக்கு மட்டுமா இந்தத் தீர்ப்பு? இரவெல்லாம் விழித்திருக்கும் மனைவிக்கு, வேலையை விட்டுக் கட்டிலருகே அமர்ந்த மகனுக்கு, கடன்காரன் கதவு தட்டும் வீட்டுக்கு - அனைவருக்கும் சேர்த்தே எழுதப்பட்ட தீர்ப்பு அது.

ஆவதொன்றுமில்லையா? உண்டு என்று காட்டியது கேரளம்! 1993ஆம் ஆண்டு கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியிலே, மருத்துவர்கள் எம். ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களுடன் சேர்ந்து, வலி தணிக்கும் ஆதரவு சிகிச்சைக்கென ஒரு சங்கம் கண்டனர். நோயை விரட்ட இயலாதபோதும் வலியை விரட்டலாம். வலி விலகினால் வீட்டுக்கு உறக்கம் திரும்பும்!

நடக்க முடியாதவரை நாடி நடந்தது மருத்துவம். செவிலியர் சென்றார், உடன் ஊர்த் தொண்டர்களும் சென்றனர். புண்ணைக் கழுவுவது எப்படி, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது எப்படி, வறண்ட வாயை நனைப்பது எப்படி என்று வீட்டாருக்குக் கற்றுத் தந்தனர். அரிசியற்ற வீட்டுக்கு அரிசி. படிப்பு நின்ற பிள்ளைக்கு உதவி. சொல்லி அழ ஆளற்ற தாய்க்கு ஆறுதல்! உயிர் பிரிந்த பின்னும் அந்த வீட்டை அவர்கள் மறக்கவில்லை.

மாலையோடு வருவோர் ஆயிரம். மலம் துடைக்க வருவோர் யார்? அந்தக் கேள்விக்கு விடையானார்கள் அவர்கள். 2008இல் கேரள அரசே இதற்கெனக் கொள்கை வகுத்தது. இந்தியாவில் அதுவே முதல் மாநிலம். ஊராட்சிகள் செவிலியரை அமர்த்தின. ஈகையாய்த் தொடங்கியது, உரிமையாய் வளர்ந்தது.

ஆனால், கொடுவலி போக்கும் மார்பின் மருந்தின் கதை என்ன? விலையோ மலிவு. 1985இல் வந்த போதைப்பொருள் சட்டமோ, கடத்தல்காரனுக்கு வீசிய வலையில் நோயாளியையும் சிக்க வைத்தது. உரிமங்களின் சிக்கலுக்கு அஞ்சி ஒதுங்கின மருத்துவமனைகள். திருத்தம் வந்தது 2014இல்! இருபத்தொன்பது ஆண்டுகள் துடித்தவர் கணக்கை எழுதுவது யார்?

தமிழ்நாட்டிலும் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஆதரவு சிகிச்சைக்கு இடமளிக்கப்பட்டது. திட்டம் ஏட்டில் இருந்தால் போதாது, வீட்டுக்கு வரவேண்டும். பிறக்கும் குழந்தைக்குப் பேறுகால உதவி தரும் நாடு, பிரியும் உயிருக்குத் துணை தரலாகாதா?

அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள்: நம் ஊரில் படுத்த படுக்கையாய்க் கிடப்போர் எத்தனை பேர்? அவர்கள் வீட்டுக்குச் செவிலியர் என்று வருவார்?