உத்தியோகமும் சொந்தத் தொழிலும்

'கால் காசு உத்தியோகமானாலும் கவர்ன்மெண்டு உத்தியோகம்' என்பது நம் நாட்டில் நெடுநாளாக வழங்கிவரும் பழமொழி. இதனை நம்பியே நம்மவர் பலர் ஊரையும் உறவையும் விட்டுத் தில்லிக்கும், அன்றைய பம்பாய்க்கும், கல்கத்தாவுக்கும் ரயில் ஏறினர். குமாஸ்தாவாகவும் கணக்கராகவும் சுருக்கெழுத்தாளராகவும் அமர்ந்து, கரோல்பாகிலும் மாதுங்காவிலும் லேக் மார்க்கெட்டிலும் குடியேறினர். மாத முதல் தேதியை நம்பிக் குடும்பம் நடத்தும் வழக்கம் இவ்வாறு நம்மிடையே வேரூன்றிவிட்டது.

ஆயினும் நாற்பது வயதைக் கடந்த ஊழியர் பலரது உள்ளத்தில் மற்றோர் எண்ணம் எழுவதுண்டு. 'எத்தனை நாள் பிறர் வைத்த கோப்பையே புரட்டிக்கொண்டிருப்பது? சிறியதாயினும் நமக்கென்று ஒரு தொழில் வேண்டாமா?' என்பதே அது. இவ்வெண்ணம் தவறன்று. ஆனால் ஆழமறியாமல் காலை விடுவது தவறு. அந்த ஆழத்தை எவ்வாறு அளந்து பார்ப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில், சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்பே என் பிழைப்பாதலால் இதை எண்ணாமலிருக்க இயலவில்லை. 'வேலையை விட்டுவிட்டார்' என்று நாம் பேச்சு வழக்கில் ஒரே தொடரால் கூறிவிடுகிறோம். சட்டமோ இதனை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று பதவி விலகல். மற்றொன்று விருப்ப ஓய்வு. இரண்டின் பின்னும் அலுவலக வாயிலைக் கடந்து வெளியே வருவது ஒன்றுதான். கையில் கொண்டுவருவதோ முற்றிலும் வேறு.

என் நண்பர் ஒருவர் 1994இல் தில்லியில் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர். 2012இல், பதினெட்டு ஆண்டுப் பணிக்குப் பின், இட்லி மாவும் காப்பிப் பொடியும் விற்கும் கடை வைக்கத் துணிந்து, மூன்று வரிகளில் விலகல் கடிதம் எழுதிக் கொடுத்தார். பழைய ஓய்வூதிய முறைக்குட்பட்ட மத்திய அரசு ஊழியர், தகுதியுள்ள பணியாக இருபது ஆண்டுகளை நிறைவு செய்தபின், மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்து விருப்ப ஓய்வு பெறலாம். அவருக்கு ஓய்வூதியம் உண்டு. ஆனால் பதவியை விட்டு விலகுபவரோ, அதுவரை செய்த பணியனைத்தையும் ஓய்வூதியக் கணக்கில் இழந்துவிடுகிறார். வேறோர் அரசுப் பணியில் முறைப்படி அனுமதி பெற்றுச் சேர்வதற்காக விலகுவோருக்கு மட்டுமே விலக்கு உண்டு. நண்பர் இன்னும் இரண்டு ஆண்டுகள் பொறுத்திருந்தால், வாழ்நாள் முழுவதும் ஒரு தொகை மாதந்தோறும் வந்திருக்கும். மூன்று வரிகளில் அது போயிற்று.

இந்த இழப்பு ஓய்வூதியத்தோடு நின்றுவிடுவதன்று. அரசுக் குடியிருப்பில் வசிப்போர், விலகிய சிறிது காலத்திற்குள் வீட்டைக் காலி செய்தல் வேண்டும். மத்திய அரசின் மருத்துவத் திட்டத்தில் ஓய்வு பெற்றோர் சந்தா செலுத்தித் தொடரலாம்; விலகியோருக்கு அவ்வசதி இல்லை. தலைநகரில் வீட்டு வாடகையும் மருத்துவச் செலவும் என்னவென்று தில்லி வாழ் தமிழருக்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

2004ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதிக்குப் பின் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தோருக்கு முறை வேறு. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் அவர்கள் பெயரில் சேர்ந்த தொகை அவர்களுடையதே. எனினும் இடையில் விலகினால், அதன் பெரும்பகுதியைக் கொண்டு மாதந்தோறும் வருவாய் தரும் ஏற்பாடு ஒன்றை வாங்குதல் வேண்டும். கையில் வருவது சிறுபகுதியே. ஆகவே அத்தொகை முழுவதையும் கடைக்கு முதலாகக் கணக்கிடுவது பிழையாகும். 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தோரும், பதவி விலகினால் உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியம் கிடையாது என்பதை மனத்திற் கொள்க.

தனியார் நிறுவனங்களில் பணிபுரிவோருக்கும் இத்தகைய எல்லைக்கோடுகள் உண்டு. நிரந்தர ஊழியர் ஒருவர் பணிக்கொடை பெறுவதற்குத் தொடர்ச்சியாக ஐந்து ஆண்டுப் பணி வேண்டும். வருங்கால வைப்பு நிதியைச் சார்ந்த ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெறப் பத்து ஆண்டுப் பணி வேண்டும். நான்கு ஆண்டிலும் ஒன்பது ஆண்டிலும் ஆத்திரப்பட்டு எழுந்து வருபவர், கனியும் தறுவாயில் மரத்தை வெட்டுபவரை ஒப்பர். ஆதலால் விலகும் எண்ணமுடையோர் முதலிற் பார்க்க வேண்டுவது கடைக்கு ஏற்ற இடத்தையன்று, தமது பணிப்பதிவேட்டையே.

இரண்டாவதாக, தொழிலை முன்கூட்டிச் சோதித்துப் பார்த்தல் நலம். இதற்கு எடுத்துக்காட்டு அகமதாபாதில் உண்டு. குஜராத் அரசின் சுரங்க, புவியியல் துறை ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கர்சன்பாய் படேல் என்பவர், 1969இல் தம் வீட்டின் பின்புறத்தில் சலவைத்தூள் தயாரிக்கலானார். கிலோ மூன்று ரூபாய் விலையில், தாமே சைக்கிளில் வைத்துக்கொண்டு வீடு வீடாக விற்றார். பெரிய நிறுவனங்களின் தூளோ அதைப்போல் பன்மடங்கு விலை. சுமார் மூன்று ஆண்டுகள் இவ்வாறு நடத்தி, வாங்குவோர் நிலைத்தனர் என்று கண்ட பின்னரே அவர் உத்தியோகத்தை விட்டார். 'நிர்மா' என்னும் பெயரில் அத்தூள் பின்னர் நாடெங்கும் பரவியது யாவரும் அறிந்ததே. அவர் துணிந்தவர் என்று நாம் புகழ்கிறோம். துணியுமுன் பொறுத்தவர் என்பதை மறந்துவிடுகிறோம்.

இன்றைய மத்திய அரசு ஊழியர் இவ்வழியை அப்படியே பின்பற்ற இயலாது. 1964ஆம் ஆண்டின் நடத்தை விதிகளின்படி, அரசின் முன் அனுமதியின்றி அவர் நேராகவோ மறைமுகமாகவோ வியாபாரத்தில் ஈடுபடுதல் கூடாது. குடும்பத்தினர் ஒருவர் தொழில் நடத்தினால் அதனை அரசுக்குத் தெரிவித்தல் அவர் கடமை. மனைவி பெயரில் பலகை மாட்டி, மாலையில் தாம் கல்லாவில் அமர்வது விதியை ஏமாற்றுவதாகும். ஆனால் மனைவியோ வளர்ந்த மகனோ உண்மையாகவே நடத்துவாரெனில், முறைப்படித் தெரிவித்து, சிறிய அளவில் தொடங்கலாம். அதுவும் இயலாதபோது, அதே தொழில் நடத்தும் ஒருவரிடம் விடுமுறை நாட்களில் சென்று, சரக்கு வருவதையும் போவதையும் கண்ணால் பார்த்தறிவது பெரும் பயன் தரும். தனியார் ஊழியர் தமது நியமன ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துப் பார்ப்பாராக.

மூன்றாவது, கணக்கு. மாதச் சம்பளக்காரர் வரவு எது, செலவு எது என்பது மட்டும் அறிவார். வியாபாரியோ விற்பனை வேறு, லாபம் வேறு, தமது கூலி வேறு என்று மூன்றாகப் பிரித்தறிதல் வேண்டும். ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். எண்கள் விளக்கத்திற்காக வைத்துக்கொண்டவையே.

மாவுக் கடை ஒன்றில் நாளொன்றுக்கு 8,000 ரூபாய்க்கு விற்பனை என்று கொள்வோம். முப்பது நாளில் 2,40,000 ரூபாய். பார்ப்பதற்குப் பெருந்தொகை. அரிசி, உளுந்து, வெந்தயம், பை ஆகியவற்றுக்கு நூற்றுக்கு அறுபது ரூபாய் போகும் எனின் எஞ்சுவது 96,000. கடை வாடகை 25,000, இரண்டு ஆட்களின் சம்பளம் 30,000, மின்சாரமும் புளித்துப்போன மாவின் நஷ்டமும் பிறவும் 15,000 ஆக 70,000 கழிந்தால் மிச்சம் 26,000. குடும்பச் செலவு மாதம் 50,000 எனில், மாதந்தோறும் 24,000 துண்டு விழுகிறது. அக்குடும்பம் நடக்க வேண்டுமாயின் மாதம் 3,00,000, அதாவது நாளொன்றுக்கு 10,000 ரூபாய் விற்பனை வேண்டும். எட்டாயிரம் வரும் கல்லாவைக் கண்டு மகிழ்பவர், வராத இரண்டாயிரத்தைக் காண்பதில்லை. கல்லாவிலிருந்து வீட்டுக்குப் பணம் எடுப்பார். அரிசி மண்டிக்குக் கடன் சொல்வார். சில மாதங்களில் முதலுக்கே மோசம் வரும்.

ஆகவே வீட்டுப் பணப்பையும் கடைப் பணப்பையும் ஒன்றாதல் ஆகாது. வங்கியில் தனித்தனிக் கணக்கு வைத்து, தமக்கென ஒரு கூலியைக் குறித்துக்கொண்டு, அதற்குமேல் எடாதிருத்தல் வேண்டும். மேலே கண்ட குடும்பத்தார் ஓராண்டுச் செலவுக்குரிய 6,00,000 ரூபாயை, கடை முதலுக்குப் புறம்பாக, தொடாமல் வைத்திருந்தாலன்றி வேலையை விடுதல் தகாது. மகளின் கல்லூரிக் கட்டணம், ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் தொகை ஆகியவையும் குடும்பச் செலவே. தொழில் தொடங்குவதால் அவை நின்றுவிடுவதில்லை.

பிற மாநிலத்தில் தொழில் தொடங்கும் தமிழருக்கு மேலும் ஒரு செய்தி உண்டு. நம்மவரையே வாடிக்கையாளராக நம்புதல் போதாது. மே, ஜூன் மாதங்களில் தில்லிப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும் தமிழ்க் குடும்பங்கள் பல ஊருக்குப் போய்விடும். ஜனவரிக் குளிரிலோ மாவு எளிதில் பொங்காது. ஆண்டின் பன்னிரண்டு மாதங்களும் ஒன்றுபோல் இரா. அக்கம்பக்கத்துப் பஞ்சாபியரும் வங்காளியரும் கடைப்படி ஏறினாலன்றி வாடகை நிறைவேறாது. அவர்கள் மொழியில் நாலு வார்த்தை இன்சொல் பேசத் தெரிந்திருப்பதும் வியாபாரத்தின் முதலீடே.

கடன் வசதி முன்னைவிட இன்று எளிது. 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில், சிறு தொழில்களுக்கு ஈடு கேளாமல் 50,000 வரையிலும், 5,00,000 வரையிலும், 10,00,000 வரையிலும் மூன்று படிகளில் வங்கிகள் கடன் வழங்குகின்றன. மூன்றாம் படிக் கடனை ஒழுங்காகத் திருப்பியவருக்கு 2024 முதல் 20,00,000 வரை கிடைக்க வழியுண்டு. இது கடனேயன்றி நன்கொடையன்று என்பதை மறத்தலாகாது. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை; இடைத்தரகருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. உணவுப் பொருள் விற்போர் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படிப் பதிவோ உரிமமோ பெறுதல் கட்டாயம். சரக்கு, சேவை வரிக்குப் பதிவு செய்வதற்குரிய விற்பனை வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுமாதலால், கடை திறக்குமுன்னரே கணக்கறிந்த ஒருவரைக் கலந்துகொள்க.

நண்பரின் கதையை முடிக்க வேண்டும். அவர் சேமநிதி முழுவதையும் கடை முன்பணத்திலும் அரைக்கும் இயந்திரங்களிலும் இட்டார். முதற் கடை இரண்டாண்டில் மூடப்பட்டது. நகைகள் அடகுக்குச் சென்றன. பின்னர் சிறியதோர் இடத்தில், வீட்டம்மாள் கணக்கெழுத, மீண்டும் தொடங்கினார். இன்று அக்கடை நடக்கிறது. மாலையில் வரிசை நிற்கக் கண்டிருக்கிறேன். 'கடை வைத்ததற்கு நான் வருந்தவில்லை. காலண்டரைப் பாராமல் கடிதம் எழுதினேனே, அதற்குத்தான் வருந்துகிறேன்' என்பார்.

அதே ஆண்டில் நானும் ஒரு விலகல் கடிதம் எழுதி மேசையறையில் வைத்திருந்தேன். மொழிபெயர்ப்பு நிலையம் ஒன்று நடத்துவது என் ஆசை. நண்பரின் அனுபவத்திற்குப் பின் அக்கடிதத்தை எடுத்து, அதன் மறுபக்கத்தில் வீட்டுக் கணக்கை எழுதிப் பார்த்தேன். கணக்கு இடம் தரவில்லை. ஆசை போகவில்லை, நாள் தள்ளியிருக்கிறது, அவ்வளவே.

உத்தியோகத்தை விடுதல் வீரமுமன்று, விடாதிருத்தல் கோழைத்தனமுமன்று. தாங்களும் கடிதம் எழுத எண்ணினால், முதலில் அதன் மறுபக்கத்தில் கணக்கை எழுதுங்கள். கணக்கு சரியென்று சொல்லும் நாளில், தாளைத் திருப்பிக் கடிதத்தை எழுதலாம்.