முகவரி ஓரிடம், இருப்பு வேறிடம்

1990 ஜூனில் யுத்தம் மறுபடி மூண்டபோது காங்கேசன்துறைச் சனம் ஊரைவிட்டு வெளியேறியது. சீமெந்துத் தொழிற்சாலை மூடப்பட்டது. யாழ்தேவி ரயிலும் வராமல் போனது. மல்லாகம் கோணப்புலம் முகாமிலும் சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாமிலும் வலிகாமம் வடக்குக் குடும்பங்கள் பத்தாண்டுகள் கணக்கில் கிடந்தன. எந்த ஊர் என்று கேட்டால் காங்கேசன்துறை என்றோ மயிலிட்டி என்றோதான் பதில் வரும். இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பது அடுத்த கேள்வி. காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரியும் அப்படித்தான்: 25 ஆண்டுகளுக்கு மேல் வேறிடத்தில் இயங்கினாலும் பெயர் மாறவில்லை, 2016இல் சொந்த நிலத்துக்குத் திரும்பியது.

'யார்' என்பதும் 'எங்கே' என்பதும் வெவ்வேறு விபரங்கள் என்பது நம் சனத்துக்குப் பட்டுத் தெரிந்த விசயம். கணினி வலையமைப்புகள் அதைத் தெரிந்துகொள்ள நெடுங்காலம் எடுத்தன. இன்று முகில் கணிமை முழுவதும் அந்தப் பிரிப்பின் மேல்தான் நிற்கிறது.

ஐபி முகவரி ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கிறது. இது இன்ன கணினி என்று சொல்கிறது. வலையமைப்பின் எந்தக் கிளையில் அது இணைந்திருக்கிறது என்றும் சொல்கிறது. கணினி மேசையை விட்டு அசையாத காலத்தில் இதனால் தொல்லை வரவில்லை. ஆனால் முகில் நிறுவனத்தின் ஒரு பெரிய வழங்கிக்குள், ஹைப்பர்வைசர் என்ற மென்பொருளின் துணையோடு, பல மெய்நிகர் கணினிகள் ஒன்றாக ஓடுகின்றன. லினக்ஸின் கருவுக்குள்ளேயே 2007இல் சேர்ந்த கேவிஎம் அத்தகைய ஹைப்பர்வைசர் ஒன்று. மெய்நிகர் கணினியை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு வழங்கியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். புதிய வழங்கி வேறு கிளையில் இருந்தால் பழைய முகவரி அங்கே செல்லாது. முகவரியை மாற்றினால் நடந்துகொண்டிருந்த தொடர்புகள் எல்லாம் அறுந்துபோகும்.

இதோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. ஒரே வழங்கியில் இடம் வாடகைக்கு எடுத்த இரண்டு வாடிக்கையாளர்கள் தங்கள் கணினிக்கு 192.168.1.10 என்ற ஒரே முகவரியை வைத்திருக்கலாம். இருவரும் ஒருவர் கண்ணில் மற்றவர் படக்கூடாது. இதற்கு முன்பு பயன்பட்ட விலேன் முறையில் வலையமைப்பின் இலக்கத்துக்கு 12 பிட்தான் ஒதுக்கப்பட்டிருந்தது. அதில் பயன்படுத்தக்கூடியவை 4094. ஒரு கல்லூரிக்கு அது தாராளம். ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களை வைத்திருக்கும் முகில் நிறுவனத்துக்கு எந்த மூலைக்கும் காணாது.

2009இல் மைக்ரோசொஃப்ட் ஆய்வாளர்கள் விஎல்2 என்ற ஆய்வுக் கட்டுரையில் ஒரு வழியைத் தெளிவாக வைத்தார்கள். செயலிக்கு ஒரு முகவரி, இடத்துக்கு ஒரு முகவரி, இரண்டையும் பொருத்திச் சொல்ல ஓர் அட்டவணை. பின்னர் வந்த விஎக்ஸ்லேன் என்ற நெறிமுறை 2014 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 7348 ஆக வெளியானது. அதன் ஆசிரியர் வரிசையில் முதல் பெயர் மகாலிங்கம். அதே வரிசையில் இருக்கும் டி. ஸ்ரீதர், சென்னை கிண்டி பொறியியற் கல்லூரியில் படித்தவர். உலகின் தரவு மையங்களில் ஓடும் நெறிமுறை ஒன்றின் தலைப்பில் இந்தப் பெயர்களைக் காணும்போது எனக்கு உண்மையாகவே பெருமையாக இருக்கிறது.

அது வேலை செய்யும் விதம் இதுதான். மெய்நிகர் கணினி தன் பொதியை வழக்கம்போல அனுப்புகிறது. வழங்கியில் இருக்கும் மென்பொருள் சுவிட்ச் அந்தப் பொதியை முழுசாக எடுத்து, அதன் முன்னால் புதுத் தலைப்பு ஒன்றைச் சேர்க்கிறது. அந்தத் தலைப்பில் இந்த வழங்கியின் முகவரி, சேரவேண்டிய வழங்கியின் முகவரி, வாடிக்கையாளரின் வலையமைப்பு இலக்கம் ஆகியவை இருக்கும். இலக்கத்துக்கு 24 பிட் என்பதால் 1 கோடியே 67 இலட்சத்துக்கு மேற்பட்ட வலையமைப்புகள் கிடைக்கின்றன. இடையில் உள்ள சுவிட்சுகளும் ரவுட்டர்களும் வெளித்தலைப்பை மட்டும் பார்த்துப் பொதியைக் கடத்துகின்றன. சேர்ந்த இடத்தில் தலைப்பு உரிக்கப்பட்டு உள்ளிருப்பது உரியவரிடம் போகிறது. மெய்நிகர் கணினி இடம் மாறினால் அட்டவணையில் ஒரு வரி திருத்தப்படும். அதன் சொந்த முகவரியை யாரும் தொடுவதில்லை.

அந்த அட்டவணையை யார் வைத்திருப்பது என்பதில்தான் பெரிய யோசனை தேவைப்பட்டது. மூல நெறிமுறையில், தெரியாத முகவரி வந்தால் எல்லா வழங்கிகளிடமும் கேட்டு, வரும் பதிலைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவேண்டும். சிறிய இடத்தில் இது போதும். வழங்கிகள் பெருகப் பெருகக் கேள்விகளே வலையமைப்பை நிறைத்துவிடும். ஆகவே இப்போது நடுவில் ஒரு கட்டுப்பாட்டு மென்பொருள் அட்டவணையை வைத்து, ஒவ்வொரு வழங்கிக்கும் வேண்டியதை முன்கூட்டியே அனுப்பிவிடுகிறது. திறந்த மூல மென்பொருளான ஓவிஎன் அந்த வகை.

ஒழுங்கமைக்கும்போது முதலில் கீழடுக்கை, அதாவது வழங்கிகளை இணைக்கும் உண்மையான வலையமைப்பை, சரிசெய்யவேண்டும். ஒவ்வொரு வழங்கிக்கும் நிலையான முகவரி ஒன்று. எல்லா வழங்கிகளும் ஒன்றையொன்று எட்டவேண்டும். ஃபயர்வாலில் யுடிபி 4789 என்ற போர்ட் திறந்திருக்கவேண்டும். லினக்ஸில் ஒரு கண்ணி இருக்கிறது. அதன் விஎக்ஸ்லேன் நிரல் இந்தப் போர்ட் இலக்கம் முடிவாகுமுன்னே எழுதப்பட்டது. அதனால் இலக்கத்தைச் சொல்லாமல் விட்டால் 8472ஐ எடுத்துக்கொள்ளும். மறுபக்கம் வேறு நிறுவனத்தின் சுவிட்சாக இருந்தால் இரு பக்கமும் பிழை எதுவும் காட்டாமல் பேசாமலே இருக்கும்.

அதைவிடக் கெட்டது அளவுக் கோளாறு. வழக்கமான ஈதர்நெட் 1500 பைட் வரை சுமக்கும். வெளித்தலைப்பு 50 பைட். மெய்நிகர் கணினி 1500 பைட் பொதி ஒன்றை அனுப்பினால் கீழே அது 1550 ஆகிவிடும். விஎக்ஸ்லேன் பொதியை அனுப்பும் முனை துண்டாக்கக்கூடாது என்பது நெறிமுறையின் விதி. எனவே பெரிய பொதி வழியில் கைவிடப்படும். சிறிய பொதிகளுக்கு இடைஞ்சல் இல்லை. பிங் போகும், உள்நுழைவுத் திரை வரும், கடவுச்சொல் ஏற்கப்படும். பெரிய கோப்பு ஒன்றை இறக்கத் தொடங்கியதும் எல்லாம் உறைந்து நிற்கும். பிங் போகிறதே என்று வலையமைப்பைச் சந்தேகிக்காமல் செயலியைக் குடைந்துகொண்டிருப்பவர்கள் பலர்.

தீர்வு இரண்டு. கீழடுக்குச் சுவிட்சுகள் அனைத்திலும் அளவை 1600க்கோ 9000க்கோ உயர்த்தலாம். ஒன்று தவறினாலும் கோளாறு அங்கேயே இருக்கும். அல்லது மெய்நிகர் கணினிகளின் அளவை 1450க்குக் குறைக்கலாம். ஓவிஎன் பயன்படுத்தும் ஜெனீவ் நெறிமுறையில் தலைப்பு 58 பைட், ஆகவே 1442. விஎக்ஸ்லேனில் 1450 சரியா என்று பார்க்க, துண்டாக்காதே என்ற குறியோடு 1422 பைட் பிங் ஒன்றை அனுப்புங்கள். பிங்கின் சொந்தத் தலைப்புகள் 28 பைட் சேர்ந்தால் 1450 ஆகும். அது போய்த் திரும்பினால் வழி சுத்தம்.

இவ்வளவு செய்தாலும் மேலடுக்கு, அதாவது கீழடுக்கின் மேல் ஓடும் மெய்நிகர் வலையமைப்பு, நிலத்தின் தூரத்தை மாற்றாது. காங்கேசன்துறையிலிருந்து நேர்கோட்டில் கொழும்பு சுமார் 320 கிலோமீற்றர், சென்னை சுமார் 360. 2023 ஒக்ரோபரில் தொடங்கிய கப்பல் சேவை நாகபட்டினத்துக்குக் கடக்கும் கடல் சுமார் 110 கிலோமீற்றர்தான். ஆனால் இலங்கையின் சர்வதேசக் கடலடி வடங்கள் கொழும்பு, கல்கிசை, மாத்தறை என்று மேற்கிலும் தெற்கிலும்தான் கரையேறுகின்றன. சென்னையில் வாடகைக்கு எடுத்த மெய்நிகர் கணினிக்கு இங்கிருந்து அனுப்பும் பொதி முதலில் எதிர்த்திசையில் நாட்டின் நீளத்தைக் கடந்தே கடலில் இறங்கும். இழையில் ஒளி 1 கிலோமீற்றருக்கு 5 மைக்ரோ செக்கன் எடுக்கிறது. சுற்றிப்போகும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் இந்தக் கணக்கு உண்டு. வடக்குக் கரையிலும் ஒரு வடம் வரவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

படிக்கும் பிள்ளைகள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. லினக்ஸ் உள்ள இரண்டு பழைய கணினிகளும் ஒரு சிறிய சுவிட்சும் போதும். இரண்டிலும் விஎக்ஸ்லேன் இடைமுகம் ஒன்றை உருவாக்கி, ஒரே வலையமைப்பு இலக்கத்தையும் 4789ஐயும் கொடுத்து, எதிர்க்கணினியின் முகவரியைக் காட்டி, இடைமுகங்களுக்கு ஒரு தனி முகவரித் தொடரை வையுங்கள். பொதிகளைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் பார்த்தால் ஒரே பொதிக்குள் வெளி முகவரியும் உள் முகவரியும் அடுத்தடுத்துத் தெரியும். உள்ளிருக்கும் செய்தியும் அப்படியே வாசிக்கக்கூடியதாக இருக்கும், ஏனென்றால் விஎக்ஸ்லேன் எதையும் மறைகுறியாக்குவதில்லை. இதைக் கட்டடத்துக்கு வெளியே, பொது இணைப்பின் மேல் கொண்டுபோவதானால் மறைகுறியாக்கும் வயர்காட் போன்ற ஒன்றைக் கீழே போட்டபிறகே செய்யுங்கள். வயர்காட் வழக்கமாக வைக்கும் அளவு 1420. அதில் 50ஐக் கழித்து, உள் இடைமுகத்துக்கு 1370 என்று எழுதவேண்டும்.